கடைசி பெஞ்சு வாய் திறக்க என்ன செய்யலாம்?

கேள்வி: திருவாரூர் பக்கம் ஒரு கலைக் கல்லூரியில் பொருளாதாரம் நடத்துகிறேன். வகுப்பில் பாதிப் பேர் தமிழ் வழியில் படித்தவர்கள். பலர் முதல் தலைமுறைப் பட்டதாரிகள். எப்போதும் அதே நாலைந்து பேர்தான் பேசுகிறார்கள். தரத்தைக் குறைக்காமல் மற்றவர்களை எப்படிப் பேசவைப்பது?

பதில்: முதலில் 'புரிஞ்சுதா?' என்று கேட்பதை விடுங்கள். அதற்குக் கிடைப்பது தலையாட்டல்தான். கேள்வியைப் பலகையில் எழுதிப்போட்டு, இரண்டு நிமிடம் நோட்டில் பதில் எழுதச் சொல்லுங்கள், தமிழிலேயே இருக்கட்டும். பக்கத்தில் இருப்பவரிடம் காட்டியபிறகு வாசிக்கச் சொல்லுங்கள். கலைச்சொல்லை மட்டும் ஆங்கிலத்திலும் எழுதிப்போடுங்கள்.

உதாரணத்தை ஊரிலிருந்தே எடுங்கள். நெல் போன்ற பயிருக்கு அரசு அறிவிக்கும் குறைந்தபட்ச ஆதரவு விலையை நடத்தும்போது, 'அரசு விலை இருந்தும் சிலர் ஏன் அதற்குக் கீழே வியாபாரியிடம் விற்கிறார்கள்?' என்று கேளுங்கள். கொள்முதல் நிலையத்தில் 17 சதவீத ஈரப்பத வரம்பு, மழைக்குப் பயந்து தார்ப்பாயைப் போர்த்திக் காத்துக் கிடக்கும் நெல், கையில் உடனே தேவைப்படும் காசு என்று பதில்கள் வரும். பாடப்புத்தக வரைபடத்தை அதற்குப் பிறகு போடுங்கள்.

ஆனால் 'உங்க வீட்ல எத்தனை மா நிலம்?' (மா என்பது இங்கே நில அளவு) என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். டெல்டாவில் அந்த ஒரு கேள்வி சாதியையும் கூலியையும் சேர்த்தே கேட்டுவிடும். கூலி வேலைக்குப் போகிற வீட்டுப் பிள்ளையும், நாகப்பட்டினத்து மீனவர் வீட்டுப் பிள்ளையும் அதோடு வாயை மூடிக்கொள்வார்கள். உதவித்தொகைப் பட்டியலைச் சாதிப் பிரிவு சொல்லி வகுப்பில் வாசிப்பதும் இதே கதைதான். நல்ல எண்ணத்தில்தான் செய்கிறோம், சரி. எழுந்து நிற்பவருக்கு அது எப்படி இருக்கும்? தனியாகக் கூப்பிட்டுச் சொல்லுங்கள்.

மாலையில் தேர்வு வைத்தால் வேதாரண்யம் பக்கம் போகிறவர்கள் பஸ்ஸைப் பார்ப்பார்களா, தாளைப் பார்ப்பார்களா? தை மாத அறுவடை நாட்களில் இரண்டு தேதி கொடுத்து, ஒன்றைத் தேர்ந்தெடுக்க விடுங்கள்.

பார்வைக் குறைபாடு போன்ற காரணத்தால் உதவியாளர் வைத்து எழுதத் தகுதியுள்ள மாணவருக்கு, மணிக்கு 20 நிமிடமாவது கூடுதல் நேரம் தரவேண்டும் என்று மத்திய அரசின் வழிகாட்டுதலே இருக்கிறது. செமஸ்டர் தேர்வில் கொடுத்துவிட்டு, நீங்கள் வகுப்பில் வைக்கும் சின்னத் தேர்வில் அதை விட்டுவிடாதீர்கள்.