கப்பல் நிற்கும் சில மணி நேரத்துக்கு 26,000 ரூபாயா?

கேள்வி: கோவையில் வசிக்கும் நான், தனியார் ஆலை ஒன்றின் கணக்குப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன், வயது 63. எனக்கும் என் மனைவிக்கும் பார்சிலோனாவில் இருந்து புறப்படும் ஏழு இரவுச் சொகுசுக் கப்பல் பயணத்துக்கு எங்கள் மகன் சீட்டு எடுத்துத் தந்திருக்கிறான். கரையிறங்கிச் சுற்றிப் பார்க்கும் செலவு மட்டும் என்னுடையது. அதற்கு 60,000 ரூபாய் ஒதுக்கியுள்ளேன். முதல் நிறுத்தமான பிரான்சின் வில்ஃபிரான்ஷ்-சுர்-மேர் ஊரில், நீஸ், ஏஸ், மொனாக்கோ ஆகிய மூன்றையும் காட்டும் சுற்றுலாவுக்குக் கப்பல் நிறுவனம் ஆளுக்கு 129 யூரோ வாங்குகிறது. முன்பதிவு செய்து பணமும் கட்டிவிட்டேன். அது வீண் செலவு என்கிறார் மருமகன். மூட்டுவலி உள்ள என் மனைவியோ, தனியாகப் போய்க் கப்பலைத் தவறவிட்டால் என்ன செய்வது என்று அஞ்சுகிறாள். அடுத்து இத்தாலியின் லிவோர்னோ, ரோம், நேப்பிள்ஸ் வருகின்றன. ரோமுக்குப் பேருந்தில் அழைத்துப் போய்த் திரும்பக் கொண்டுவந்து விட மட்டும் ஆளுக்கு 79 யூரோ என்று போட்டிருக்கிறார்கள். எதை வைத்துக்கொள்ளலாம், எதை விடலாம்?

பதில்: உங்கள் மனைவியின் அச்சம் நியாயமானது, இந்தக் கணக்கையே நான் அதிலிருந்துதான் தொடங்குவேன். கப்பல் நிறுவனத்தின் சுற்றுலாவுக்கு நீங்கள் தரும் பணத்தில் ஒரு பகுதி வழிகாட்டிக்கும் பேருந்துக்கும் போகிறது. மீதி, ஒருவகைக் காப்பீட்டுப் பிரீமியம். அவர்களுடைய பேருந்து நெரிசலில் சிக்கித் தாமதமானால் கப்பல் காத்திருக்கும், அல்லது அவர்கள் செலவிலேயே அடுத்த துறைமுகத்தில் உங்களைக் கொண்டுபோய்ச் சேர்ப்பார்கள். சொந்தமாகச் சென்று தாமதித்தால் கப்பல் போய்விடும்; லிவோர்னோ வரை ரயிலிலோ வாடகைக் காரிலோ உங்கள் செலவில் துரத்திப் போக வேண்டும். ஆகவே, ஒவ்வொரு துறைமுகத்திலும் அந்த ஆபத்து எவ்வளவு பெரியது, அதற்குக் கேட்கும் பிரீமியம் தகுமா என்று பாருங்கள்.

வில்ஃபிரான்ஷில் அந்த ஆபத்து மிகச் சிறியது. பெரிய கப்பல்கள் அங்கே விரிகுடாவிலேயே நங்கூரமிடுகின்றன. 'டெண்டர்' எனப்படும் சிறுபடகில் கரைக்கு வருவீர்கள். இறங்கும் இடத்தில் இருந்து நடந்து போகும் தூரத்தில் கடற்கரையை ஒட்டி ரயில் நிலையம் இருக்கிறது. அங்கிருந்து நீஸ் பத்து நிமிடத்துக்குள், எதிர்த்திசையில் மொனாக்கோ இருபது நிமிடத்துக்குள் வந்துவிடும்; கட்டணமும் ஆளுக்குச் சில யூரோக்களே. மூன்றில் ஏஸ் மட்டும் விதிவிலக்கு. கடலோரத்தில் ஏஸ் என்ற பெயரில் ஒரு நிலையம் உண்டு; ஆனால் படங்களில் பார்க்கும் பழைய ஊர் அதற்கு நேர் மேலே, 400 மீட்டருக்கும் அதிகமான உயரத்தில் இருக்கிறது. மூட்டுவலி உள்ளவர் அந்த மலைப்பாதையில் ஏற வேண்டாம். பேருந்தில் போனாலும் ஊருக்குள் படியும் சரிவுமாகவே இருக்கும் என்பதால், உங்கள் மனைவிக்கு அந்த 129 யூரோவில் ஒரு பங்கு பயன்படாமலே போகும்.

எனக்கு இன்னொரு வருத்தமும் உண்டு. மூன்று ஊர்களுக்கு ஓடும் அந்தப் பேருந்து, நீங்கள் இறங்கிய ஊரையே பார்க்க விடாது. 1557இல் சவாய் பிரபு எழுப்பிய கோட்டையும், வீடுகளுக்கு அடியில் குகைபோல் நீளும் 13ஆம் நூற்றாண்டின் 'ரூ ஒப்ஸ்கூர்' தெருவும், கலைஞர் ழான் கோக்தோ 1957இல் ஓவியம் தீட்டிய மீனவர்களின் சின்னஞ்சிறு தேவாலயமும் துறைக்கு அருகிலேயே இருக்கின்றன. கோட்டைக்குக் கட்டணம் இல்லை. காலையில் ரயிலில் நீஸ், மதியத்துக்கு மேல் மெதுவாக வில்ஃபிரான்ஷ் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கணக்கு எளிதாக இருக்க யூரோவை 100 ரூபாய் என்று கொள்வோம். சுற்றுலாவுக்கு இருவருக்கும் 25,800 ரூபாய். உங்கள் கார்டு அந்நியச் செலாவணிக்கு 3.5 சதவீதம் வசூலித்தால், அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டியும் சேர்ந்து ஏறத்தாழ 1,065 ரூபாய் கூடுதலாகப் போகும். சொந்தமாகச் சென்றால் ரயில், எளிய மதிய உணவு, தேவாலய நுழைவு எல்லாவற்றுக்கும் 80 யூரோ, அதாவது 8,000 ரூபாய் போதும்.

மிச்சமாகும் பணத்தை ரோமுக்கு வைத்துக்கொள்ளுங்கள். அங்கே கப்பல் நிற்கும் சிவிட்டாவெக்கியா துறைமுகம் நகரில் இருந்து சுமார் 80 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. வரும் வழியில் ஒரு ரயில் ரத்தானாலே மாலைத் திட்டம் குலைந்துவிடும். அங்கே பிரீமியம் கட்டுவது புத்திசாலித்தனம். அதிலும் வழிகாட்டி இல்லாத 79 யூரோ பேருந்தே உங்களுக்குப் போதும். இருவருக்கும் 15,800 ரூபாய். உங்கள் 60,000 ரூபாயில் வில்ஃபிரான்ஷ், ரோம் செலவு இரண்டையும் கழித்தால் கையில் 36,200 ரூபாய் நிற்கும். லிவோர்னோவில் தொலைவில் உள்ள ஃபுளோரன்ஸ் நகரை விட்டுவிட்டுப் பக்கத்தில் உள்ள பீசாவுக்கு மட்டும் போங்கள். நேப்பிள்ஸில் துறைமுகமே நகருக்குள் இருப்பதால் பெரிய செலவு வராது.

செலவழிக்கும் விதத்திலும் பணம் கசியும். உணவகத்தில் கார்டைத் தேய்த்ததும் அந்தச் சிறு இயந்திரத்தின் திரையில் இரண்டு தொகைகள் வரலாம்: ஒன்று யூரோவில், மற்றொன்று ரூபாயில். ரூபாய் நமக்குப் பழகியது என்பதால் விரல் தானாக அங்கே போகும். அதை அழுத்தினால் மாற்று விகிதத்தைக் கடைக்காரர் தரப்பு வங்கி நிர்ணயிக்கும். அது பெரும்பாலும் உங்களுக்கு நட்டமாகவே இருக்கும். யூரோவையே தேர்ந்தெடுங்கள். அந்த 60,000 ரூபாயில் சேர்க்காமல், யூரோ ஏற்றிய ஃபோரெக்ஸ் கார்டில் 500 யூரோவை அவசரத்துக்கென்று தொடாமல் தனியாக வையுங்கள். செலவாகாவிட்டால் ஊர் திரும்பியதும் ரூபாயாக மாற்றிக்கொள்ளலாம். சொந்தத் தாமதத்தால் கப்பலைத் தவறவிடுவதைப் பல பயணக் காப்பீடுகள் ஏற்பதில்லை என்பதால் இந்த 500 யூரோதான் உங்களுக்குப் பாதுகாப்பு.

வில்ஃபிரான்ஷில் கப்பல் புறப்படும் நேரத்தை மறந்துவிட்டு, கடைசி டெண்டர் எப்போது என்று கப்பலில் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அதற்கு இரண்டு மணி நேரம் முன்பே ஊருக்குத் திரும்பிவிடுங்கள். கடல் கொந்தளித்தால் டெண்டர் ஓடாமல் அந்த நிறுத்தமே ரத்தாகக்கூடும் என்பதால், ரயில் சீட்டை அன்று நிலையத்திலேயே எடுங்கள்.

இனி உங்கள் முன்பதிவு. கரைச் சுற்றுலாவைக் குறிப்பிட்ட கெடுவுக்குள் ரத்து செய்தால் பெரும்பாலான நிறுவனங்கள் முழுத் தொகையையும் திருப்பித் தருகின்றன. உங்கள் ரசீதில் அந்தக் கெடு எது, பணம் கார்டுக்கே திரும்புமா, கப்பலில் செலவழிக்கும் வரவாக மட்டும் கிடைக்குமா என்பதை இன்றே படித்துப் பாருங்கள். கார்டுக்குத் திரும்பும் என்றால் வில்ஃபிரான்ஷ் சுற்றுலாவை ரத்து செய்துவிட்டு, ரோம் பேருந்தில் இரண்டு இடம் பிடித்துவிடுங்கள்.