புதிய டயர் முன்னாலா, பின்னாலா?

கேள்வி: என்னுடையது முன்சக்கரங்களால் இயங்கும் கார். முன் டயர்கள் தேய்ந்துவிட்டன. பின் டயர்கள் பாதிதான் தேய்ந்துள்ளன. இரண்டு டயர்கள் மட்டும் வாங்கப்போகிறேன். இழுவையும் ஸ்டீயரிங்கும் முன்னால் இருப்பதால் புதியவற்றை அங்கேதான் மாட்ட வேண்டும் என்கிறார் மெக்கானிக். சரிதானா?

பதில்: பாதி தேய்ந்தவற்றை முன்னால் மாற்றிவிட்டு, புதியவற்றைப் பின்னால் மாட்டுங்கள். ஈரமான வளைவில் முன் டயர்கள் வழுக்கினால், கார் திருப்பத்துக்கு இணங்காமல் வெளிப்பக்கம் ஒதுங்கும். ஸ்டீயரிங் லேசாவதைக் கையிலேயே உணர்ந்து நீங்கள் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுப்பீர்கள். உடனே எடை முன்னால் சாய, அந்த டயர்களுக்குப் பெரும்பாலும் பிடிமானம் திரும்பிவிடும். பின் டயர்கள் வழுக்கும்போதோ, அதே பழக்கத்தில் காலை எடுப்பதே வினையாகிறது. எடை பின்னாலிருந்து விலகுவதால், இருந்த கொஞ்சப் பிடிமானமும் போய், வண்டியின் பின்பகுதி வெளியே வீசிச் சுழல்கிறது. எதிர்ப்பக்கம் ஸ்டீயரிங்கை அளவோடு திருப்பி அதை மீட்பது பயிற்சி பெற்றவர்களுக்கே கடினம்.

புதிய டயரின் பள்ளங்கள் ஏறத்தாழ 8 மி.மீ. ஆழம் இருக்கும். பள்ளத்துக்குள் குறுக்கே தெரியும் சிறு மேடுகள் 1.6 மி.மீ. உயரமுள்ளவை, ரப்பர் தேய்ந்து அவற்றின் மட்டத்துக்கு வந்துவிட்டால் டயரின் ஆயுள் முடிந்தது. ஆழம் குறையக் குறைய, வெளியேற்ற முடியாத நீரின் மீது டயர் மிதக்கத் தொடங்கும் வேகமும் குறைகிறது. முன் டயர்களே நீரை ஒதுக்கிவிடும் என்ற வாதம் நேர்ச்சாலைக்கு ஓரளவு பொருந்தும். வளைவில் பின்சக்கரங்கள் வேறு தடத்தில் செல்வதால் அந்த உதவி கிடைக்காது. உலர்ந்த சாலையில் இந்த வேறுபாடு அநேகமாகத் தெரியாது என்பதால், மெக்கானிக்கின் யோசனை மழை வரும்வரை சரியாகவே தோன்றும்.

அவர் சொல்வதிலும் ஓர் உண்மை உண்டு: பிரேக்கின் பெரும்பங்கை முன் டயர்களே தாங்குவதால், ஈரத்தில் வண்டி நிற்கும் தூரம் சற்றுக் கூடலாம். இடைவெளி விட்டு ஓட்டி அதைச் சமாளிக்கலாம்.

கேள்வி: வெவ்வேறு பிராண்டு டயர்களைக் கலந்து போடலாமா?

பதில்: ஒரே அச்சின் இருபுறமும் ஒரே ரகம் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அவசர பிரேக்கில் வண்டி ஒருபக்கம் இழுக்கக்கூடும். நான்கு சக்கரங்களாலும் இயங்கும் காரில் தேய்மானமும் ஒத்திருக்க வேண்டும். டயர்களின் விட்டம் வேறுபடுவதால் முன், பின் சக்கரங்கள் வெவ்வேறு வேகத்தில் சுழன்றால், இடையிலுள்ள விசைப் பகிர்வு அமைப்பு ஓயாமல் உராய்ந்து சூடேறும்.