‘சின்ஸ் ஃபைவ் இயர்ஸ்’ ஏன் பிழை?

கேள்வி: தனியார் நிறுவனம் ஒன்றில் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். ‘ஐ ஆம் வொர்க்கிங் ஹியர் சின்ஸ் ஃபைவ் இயர்ஸ்’, ‘ஹி டிட் நாட் வென்ட்’, ‘யுவர் மேனேஜர் ஹாட் கம் யெஸ்டர்டே’ என்று நான் மின்னஞ்சலில் எழுதுபவற்றை மேலாளர் திருத்திக்கொண்டே இருக்கிறார். தமிழில் யோசிப்பதுதான் காரணம் என்கிறார்கள். இலக்கணத்தை முதலிலிருந்து படிக்க வேண்டுமா?

பதில்: வேண்டாம். தமிழில் யோசிப்பதை நிறுத்தவும் வேண்டாம். வளர்ந்தபின் அது எளிதில் கைகூடுவதும் இல்லை. நீங்கள் காட்டிய மூன்று வாக்கியங்களில் ஒன்றரையைத் தமிழே திருத்திவிடும்.

முதலில் ‘டிட் நாட் வென்ட்’. ‘போகவில்லை’ என்ற சொல்லைப் பிரித்துப் பாருங்கள். ‘போக’ என்பதில் காலம் இல்லை. ‘போனவில்லை’ என்று குழந்தைகூடச் சொல்வதில்லை. ஆங்கிலத்திலும் அதே கதைதான். இறந்த காலத்தை ‘டிட்’ சுமந்துகொள்வதால், பின்னால் வரும் வினை ‘போக’ என்பதைப் போல வெறும் ‘கோ’வாக நிற்க வேண்டும்.

அடுத்து ‘சின்ஸ்’. ‘2019இலிருந்து’ என்று தொடக்கத்தைச் சொன்னால் ‘சின்ஸ்’. ‘ஐந்து வருடமாக’ என்று கால அளவைச் சொன்னால் ‘ஃபார்’. ‘இலிருந்து’, ‘ஆக’ இரண்டையும் நீங்கள் தமிழில் குழப்பிக்கொள்வதே இல்லை என்பதால், இங்கும் குழம்பத் தேவையில்லை. ஆனால் வாக்கியத்தின் மறுபாதியில் தமிழ் கைவிட்டுவிடுகிறது. ‘ஐந்து வருடமாக வேலை செய்கிறேன்’ என்று நாம் நிகழ்காலத்தில் சொல்வதை, அன்று தொடங்கி இன்றும் தொடர்வதால், ஆங்கிலம் ‘ஐ ஹாவ் பீன் வொர்க்கிங்’ என்றே சொல்லும்.

உண்மையில் கவனம் தேவைப்படுவது மூன்றாவதுதான். ‘உங்கள் மேலாளர் நேற்று வந்திருந்தார்’ என்பது நல்ல தமிழ். வந்தார், சிறிது நேரம் இருந்தார், போய்விட்டார் என்பதையெல்லாம் அந்த ஒரு சொல் உணர்த்திவிடுகிறது. ‘ஹாட் கம்’ அந்த வேலையைச் செய்வதில்லை. கடந்த காலத்து நிகழ்ச்சி ஒன்றுக்கும் முன்பே இன்னொன்று நடந்து முடிந்திருந்தால்தான் பொதுவாக இப்படி வினையோடு ‘ஹாட்’ வரும்: நாங்கள் நிலையத்தை அடைவதற்குள் ரயில் கிளம்பியிருந்தது என்றால் ‘ஹாட் லெஃப்ட்’. உங்கள் வாக்கியத்தில் அப்படி இரண்டாவது நிகழ்ச்சி இல்லையென்பதால் ‘கேம் யெஸ்டர்டே’ போதும். ‘நேற்றே பில் அனுப்பியிருக்கிறேன்’ என்பதற்கும் இதே சிக்கல் உண்டு. ‘யெஸ்டர்டே’ என்று நாளைக் குறிப்பிட்டுவிட்டால் ‘ஐ சென்ட்’ என்றுதான் எழுத வேண்டும். நாளைச் சொல்லாவிட்டால் ‘ஐ ஹாவ் சென்ட் த பில்’ முற்றிலும் சரி.

பலரும் எழுதும் ‘டிஸ்கஸ் அபவுட்’ போன்ற பிழைகளுக்குக் காரணம் தேடி நேரத்தை வீணாக்காமல், ‘டிஸ்கஸ்’ என்பதற்குப் பின் ‘அபவுட்’ வராது என்று மனப்பாடம் செய்துவிடுவதே நல்லது.

நீங்கள் இதுவரை அனுப்பிய மின்னஞ்சல்களில் ‘ஹாட்’ என்ற சொல்லைத் தேடி, அது ‘ஹாட் கம்’ போல இன்னொரு வினையோடு வந்துள்ள ஒவ்வோர் இடத்திலும் ‘எதற்கு முன்பு?’ என்று கேட்டுப் பாருங்கள். பதில் இல்லாத இடத்தில் வினையைச் சாதாரண இறந்த காலத்துக்கு மாற்றிவிடலாம்.