எம்.ஆர்.ஐ.க்குத் தேதி 6 வாரம் தள்ளி: அம்மாவின் தோட்டை அடகு வைக்கலாமா?

கேள்வி: வணக்கம் டாக்டர். அம்மாவுக்கு 52 வயது, வீட்டு முன்னாலேயே இட்லிக் கடை போட்டிருக்கிறார். 3 வாரமாக இடுப்பு வலி, இடது காலில் கெண்டைக்கால் வரை சுண்டி இழுக்கிறது. 8 வருடமாகச் சுகர் உண்டு. ஜி.ஹெச்.சில் பார்த்துவிட்டு எம்.ஆர்.ஐ. எழுதினார்கள், ஆனால் ஸ்கேனுக்கு 6 வாரம் கழித்துத்தான் தேதி. வெளியே 7,000 ரூபாய் கேட்கிறார்கள். தோட்டை அடகு வைத்து எடுத்துவிடலாம் என்கிறார் அம்மா. 6 வாரத்தில் ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்வது?

பதில்: தோடு அம்மா காதிலேயே இருக்கட்டும். நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் அவர் காத்திருக்கலாம். ஆனால் எதையெல்லாம் கவனித்துக்கொண்டு காத்திருக்க வேண்டும், எப்போது தேதியைப் பார்க்காமல் ஓடி வர வேண்டும் என்று உங்களுக்கு யாரும் சொல்லி அனுப்பவில்லை, அதுதான் எனக்கு வருத்தம். 22 வருடம் அரசு மருத்துவமனை ஓ.பி.யில் உட்கார்ந்தவன், நானே எத்தனையோ பேரை அப்படி வெறும் தேதியோடு அனுப்பியிருக்கிறேன்.

முதலில் ஏன் இவ்வளவு நாள் ஆகிறது என்று சொல்லிவிடுகிறேன். முதுகுத்தண்டு எம்.ஆர்.ஐ. ஒன்றுக்கு, ஆளைப் படுக்கவைத்து எடுத்து இறக்க அரை மணி நேரம் போய்விடும், மருந்து ஏற்றி எடுப்பதென்றால் இன்னும் கூடும். இருப்பது ஒரு மெஷின் என்றால் விபத்தில் முதுகெலும்பு அடிபட்டு வருகிறவர், பக்கவாதம் வந்தவர், வார்டில் படுத்திருப்பவர் என்று எல்லோரும் போக மிச்சமுள்ள நேரம்தான் ஓ.பி. நோயாளிகளுக்கு. படம் எடுத்தால் மட்டும் போதாது, அதைப் பார்த்து ரிப்போர்ட் எழுத ரேடியாலஜி டாக்டரும் வேண்டும். தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தின் ஸ்கேன் மையங்களில் சி.டி.க்கு 500 ரூபாய், எம்.ஆர்.ஐ.க்கு 2,500 ரூபாய்தான் கட்டணம், அதனால் கூட்டம் அங்கே வரத்தான் செய்யும். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தால் (ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களுக்கு) அதை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரியில் இருக்கும் காப்பீட்டுப் பிரிவில் முதலிலேயே கேட்டுவிடுங்கள். ஒன்று மட்டும், கவுண்டரில் ரசீது வாங்காமல் யாரிடமும் பத்து ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

சரி, அம்மா விஷயத்துக்கு வருகிறேன். முதுகெலும்புகளுக்கு நடுவில் இருக்கும் ஜவ்வு விலகி நரம்பை அழுத்துவதால் வருகிற இப்படிப்பட்ட கால் வலி, பெரும்பாலானவர்களுக்கு 6 முதல் 12 வாரத்துக்குள் ஆபரேஷன் இல்லாமலே நன்றாகக் குறைந்துவிடும். பிதுங்கிய ஜவ்வு தானாகச் சுருங்குவதும் சகஜம். இன்றைக்கே 7,000 கொடுத்து எடுத்தாலும் ரிப்போர்ட்டில் 'டிஸ்க் பல்ஜ்' (ஜவ்வு பிதுங்கியிருக்கிறது) என்று வர நிறைய வாய்ப்பிருக்கிறது, அதைப் பார்த்து வீடே பயந்துபோகும். ஆனால் முதுகு வலியே இல்லாத 3,000 பேருக்கு மேல் எடுத்த ஸ்கேன்களைத் தொகுத்து 2015இல் வந்த ஆய்வில், 50 வயதுக்காரர்களில் 60 சதவீதம் பேருக்கு அந்த பல்ஜ் இருந்தது. கால் நரம்பு வேலை செய்கிறதா இல்லையா என்பதை முதலில் சொல்வது அம்மாவின் கால், படம் அதற்கு அடுத்ததுதான். இப்போதைக்கு மருந்தும் நடையும்தான் சிகிச்சை, ஸ்கேன் எடுத்தாலும் அதையேதான் எழுதித் தரப் போகிறார்கள்.

இனி சொல்வதை மட்டும் இரண்டு முறை படியுங்கள். சைக்கிள் சீட்டில் உட்கார்ந்தால் படுகிற இடத்தில் மரத்துப்போவது, சிறுநீர் முட்டிக்கொண்டு வராமல் நிற்பது அல்லது தெரியாமலே போய்விடுவது, மலம் கட்டுப்பாடில்லாமல் போவது, இரண்டு காலும் பலம் இழப்பது, இதில் ஒன்று வந்தாலும் நடுராத்திரியானாலும் கேஷுவால்டிக்குப் போங்கள். இதில் மணிக்கணக்குதான், நாள் கணக்கு கிடையாது. தாமதித்தால் சிறுநீர்க் கட்டுப்பாடு திரும்பி வராமலே போகலாம். அப்போது தேதிச் சீட்டை யாரும் பார்க்க மாட்டார்கள், ஸ்கேன் அன்றைக்கே எடுத்தாக வேண்டும். அப்புறம் செருப்பு. நடக்கும்போது இடது கால் செருப்பு கழன்று பின்னால் கிடப்பது தெரியாமல் அம்மா இரண்டடி போய்விட்டார் என்றால் பாதத்தைத் தூக்கும் நரம்பு பலவீனமாகியிருக்கலாம், மறுநாளே போய்க் காட்ட வேண்டும். சாயங்காலக் காய்ச்சல், எடை குறைவது, படுத்தாலும் விடாத ராத்திரி வலி இருந்தால் முதுகெலும்புக் காசநோயா என்று பார்க்க வேண்டும், நம் ஊரில் அது குறைவில்லை, சுகர் இருப்பவர்களுக்குக் காசநோய் வரும் வாய்ப்பும் கூடுதல்.

இவை எதுவும் இல்லை, ஆனால் வலி கூடிக்கொண்டே போகிறது என்றாலும் தேதி வரட்டும் என்று இருக்காதீர்கள். முதலில் பார்த்த அதே யூனிட்டின் ஓ.பி. நாளில் போய், எது மாறியிருக்கிறது என்று குறிப்பாகச் சொல்லுங்கள். 'வலி தாங்கலை' என்றால் நூற்றில் ஒரு குரலாகப் போய்விடும். 'போன வாரத்திலிருந்து கால் கட்டை விரலைத் தூக்க முடியவில்லை' என்றால் எந்த டாக்டரும் பேனாவை எடுத்து அவசரம் என்று எழுதுவார், வரிசை மாறும். யாராவது வராமல்போனால் கூப்பிடுங்கள் என்று ஸ்கேன் அறையில் போன் நம்பர் கொடுத்து வையுங்கள்.

ஏனென்றால் வராமல்போகிறவர்களும், வந்தும் எடுக்க முடியாமல் திரும்புகிறவர்களும் எல்லா இடத்திலும் உண்டு. நான் வேலை பார்த்த ஓர் ஆஸ்பத்திரியில், 5 வாரம் காத்திருந்து 3 பஸ் மாறி வந்த ஓர் அம்மாவுக்கு மெட்டி கழலவில்லை. விரல் வீங்கி, மெட்டி சதைக்குள் பதிந்திருந்தது. சோப்புத் தண்ணீர் போட்டுப் பார்த்தார்கள், நூல் சுற்றிப் பார்த்தார்கள், அதற்குள் அவர் நேரம் போய் அடுத்தவரை ஏற்றிவிட்டார்கள், இன்னும் 3 வாரம் கழித்துத் தேதி. வெளியே பெஞ்சில் உட்கார்ந்து காலையே பார்த்துக்கொண்டிருந்தார். முதல் நாளே வீட்டில் கழற்றிவிட்டு வாருங்கள் என்று சீட்டு எழுதும்போது ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அதனால் மெட்டி, கொலுசு, மூக்குத்தி, ஹேர்பின், தாலிக் கயிற்றில் கோத்த சேஃப்டி பின் எல்லாவற்றையும் முந்தின ராத்திரியே கழற்றிவிடுங்கள். இதயத்தில் பேஸ்மேக்கர், தலைக்குள் ரத்தக் குழாயில் ஆபரேஷனில் போட்ட கிளிப், காதுக்குள் கருவி ஏதாவது வைத்திருந்தால் இப்போதே போய்ச் சொல்லுங்கள்.

அந்தத் தேதிச் சீட்டில் நாள், நேரம், அறை எண் எல்லாம் இருக்கும், எப்போது முன்னாலேயே வர வேண்டும் என்பது இருக்காது. பின்பக்கம் முழுக்கக் காலியாகத்தான் கிடக்கிறது. அதில் நாலு வரி அச்சடித்துக் கொடுக்க எந்த நிதியும் தேவையில்லை, இதைப் படிக்கிற ஆஸ்பத்திரி நிர்வாகிகள் தயவுசெய்து செய்யுங்கள். மெஷினும் ஆளும் கூட வேண்டும்தான், அது அரசாங்கம் செய்ய வேண்டியது, அதையும் நாம் விடாமல் கேட்க வேண்டும்.

இந்த 6 வாரமும் அம்மா படுத்தே கிடக்க வேண்டாம், வீட்டுக்குள்ளாவது நடக்கட்டும். மாவுக் குண்டானை ஒரே தூக்காகத் தூக்காமல் இரண்டு சின்னப் பாத்திரத்தில் பிரித்து எடுக்கட்டும், அடுப்புக்கு முன் குனிந்து நிற்காமல் அடுப்பை உயரத்தில் வையுங்கள். மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வலி மாத்திரை வாங்காதீர்கள், சுகர் உள்ளவர்களுக்கு அது சிறுநீரகத்தைக் கெடுக்கும், டாக்டர் எழுதியது மட்டும் போதும். 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற அரசுத் திட்டத்தில் பிசியோதெரபியும் உண்டு, உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைக் கொடுத்துக் கேளுங்கள்.

இன்று சாயங்காலம் கடை மூடியதும், அம்மாவைச் சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகாலால் பத்தடி நடக்கச் சொல்லுங்கள், நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள். இரண்டு பாதமும் ஒன்றுபோலத் தரையைவிட்டு எழுகிறதா பாருங்கள். இடது பாதம் எழவில்லை, அல்லது எழுந்து தொப்பென்று விழுகிறது என்றால் நாளைக் காலை அம்மாவைக் கூட்டிக்கொண்டு அதே டாக்டரிடம் போங்கள். எழுந்தால் வாரத்துக்கு இரண்டு தடவை இதேபோல நடக்கவிட்டுப் பாருங்கள்.