பழைய ஆட்டோமேட்டிக் காரின் கியர் பெட்டியை நாமே சரிபார்க்க முடியுமா?

மூன்றாவது கியரிலேயே மாட்டிக்கொண்ட பழைய ஆட்டோமேட்டிக் கார், 'பெட்டி போச்சு, வேற பெட்டிதான் போடணும்' என்று கைவிரித்துவிட்ட ஒர்க்‌ஷாப், நாமே ஏதாவது பார்க்கலாமா என்ற யோசனை. உங்கள் கேள்வியைப் படித்ததும் என் கதையை வேறு யாரோ எழுதிப் போட்ட மாதிரி இருந்தது.

பெட்டிக்கு வெளியே இருக்கிற எதையும் நீங்களே பார்க்கலாம். பெட்டியைப் பிரிக்கிற வேலையை மட்டும் வீட்டில் தொடாதீர்கள். என் வண்டியில் கோளாறு வெளியேதான் இருந்தது.

நான் மெக்கானிக் இல்லை. பாளையங்கோட்டையில் மோட்டார் வைண்டிங் கடை வைத்திருக்கிறேன். போர் மோட்டார், மிக்ஸி, ஃபேன் என்று காயில் சுற்றுகிற பிழைப்பு. கார் உவரியில் இருக்கிற மாமாவுடையது. முழங்கால் வலியில் கிளட்ச் மிதிக்க முடியாமல் 2010-ல் ஆட்டோமேட்டிக் வாங்கினார். கண் மங்கியதும், "நீயே வச்சு ஓட்டுலே" என்று சாவியைத் தந்துவிட்டார். அதற்குள் கடலுக்குக் கூப்பிடு தூரத்தில், ஓலைச் சாய்ப்புக்குக் கீழே எட்டு மாதம் சும்மா நின்றிருந்தது வண்டி. அந்த எட்டு மாதத்தை மனதில் வையுங்கள்.

ஆரியங்காவு கோயிலுக்குக் கிளம்பி, செங்கோட்டை தாண்டி, புளியரை எஸ் வளைவு ஏறும்போது வண்டி செத்த மாடு மாதிரி ஆகிவிட்டது. மிதித்தால் இன்ஜின் அலறுகிறது, வண்டி நகர மறுக்கிறது. பின்னால் கேரளா போகிற லாரிக்காரர்கள் ஹாரனில் திட்டுகிறார்கள். ஓரங்கட்டி சாவியை அணைத்து, ஐந்து நிமிடம் கழித்துப் போட்டேன். கியர் எல்லாம் ஒழுங்காக விழுந்தது. பத்து நிமிடத்தில் மறுபடி அதே கதை. ஏறினது போதும் என்று திருப்பி, மூன்றாவது கியரிலேயே ஊர்ந்து ஊர் வந்து சேர்ந்தோம்.

ஒர்க்‌ஷாப்பில் அரைமணி நேரம் ஓட்டிப் பார்த்துவிட்டு, செகண்ட் ஹேண்ட் பெட்டி, மாட்டுக்கூலி எல்லாம் சேர்த்து 1,10,000 ரூபாய் என்றார்கள். வண்டியை விற்றால் ஒன்றரை லட்சம் தேறாது. வீட்டுக்காரி என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது.

முதலில் உங்களுடையது என்ன வகை ஆட்டோமேட்டிக் என்று தெரிந்துகொள்ளுங்கள். 2014-ல் மாருதி செலேரியோ காரில் வந்து பிரபலமான ஏஎம்டி, உள்ளே சாதாரண மேனுவல் பெட்டிதான். நம் காலும் கையும் செய்வதை ஒரு இயந்திரம் செய்கிறது. சிவிடி-யில் கியரே கிடையாது, இரண்டு புல்லிக்கு நடுவே இரும்புப் பட்டை ஓடுகிறது. நான் சொல்லப்போவது டார்க் கன்வெர்ட்டர் வைத்த பழைய நாலு ஸ்பீடு, ஐந்து ஸ்பீடு பெட்டிகளுக்கு. பாபநாசம் பவர் ஹவுஸில் தண்ணீர் விழுந்து டர்பைனைச் சுற்றுகிறதல்லவா, அந்த மாதிரி இதில் இன்ஜின் எண்ணெயை வீச, எண்ணெய் டர்பைனைச் சுற்ற, அது கியரைச் சுற்றுகிறது. எந்தக் கியர் விழ வேண்டும் என்பதை எண்ணெய் அழுத்தம் முடிவு செய்கிறது. அந்த அழுத்தத்தைத் திறந்து மூடுகிற வால்வுகள்தான் சோலனாய்டுகள்.

சோலனாய்டு என்றால் காயில். காயில் என்றால் என் தொழில். எனக்குத் தைரியம் வந்தது அந்த இடத்தில்தான்.

உங்கள் வண்டியும் அணைத்துப் போட்டால் கொஞ்ச நேரம் சரியாகிறதா? ஆமென்றால் பாதி நிம்மதியாக இருங்கள். மூன்றாவதில் நிற்பது பல வண்டிகளில் கம்ப்யூட்டர் வேண்டுமென்றே செய்கிற தற்காப்பு. எங்கோ ஒரு சிக்னல் தப்பாக வந்தால், மேலும் கெடாமல் வீடு சேரட்டும் என்று ஒரே கியரில் பூட்டிவிடும். தேய்ந்துபோன கிளட்ச் தட்டு சாவியை அணைத்துப் போட்டதும் புதுசாகிவிடாது. பெரும்பாலும் மின்சாரக் கோளாறுதான் அப்படி வந்து வந்து போகும்.

ஸ்கேனர் ஒன்று வாங்குங்கள். விலை குறைந்த புளூடூத் ஸ்கேனர்கள் பல இன்ஜினை மட்டும் படிக்கும், கியர் கம்ப்யூட்டருக்குள் போகாது. என்னுடையது பி0700 என்ற கோளாறு எண்ணை மட்டும் காட்டியது. 'கியர் கம்ப்யூட்டரிடம் ஏதோ புகார் இருக்கிறது, அதனிடமே கேள்' என்பதுதான் அதற்கு அர்த்தம். வள்ளியூரில் லாரி ஷெட் வைத்திருக்கிற அண்ணாச்சி ஒருவரிடம் நல்ல ஸ்கேனர் இருந்தது. அதில்தான் சோலனாய்டு ஒன்றின் சர்க்யூட்டில் தவறு என்று வந்தது. பி0715 வந்தால் பெட்டிக்குள் வருகிற சுழற்சியை அளக்கிற சென்சார், பி0720 வந்தால் வெளியே போகிற சுழற்சியை அளக்கிற சென்சார். பெரும்பாலும் இரண்டையும் பெட்டியைப் பிரிக்காமலே வெளியிலிருந்து மாற்றலாம். பி0731 முதல் பி0734 வரை வந்தால் கியர் வழுக்குகிறது என்று பொருள். அது கொஞ்சம் கெட்ட செய்தி.

பேட்டரி நெகட்டிவைக் கழற்றினேன். ஏர் ஃபில்ட்டர் பெட்டியைத் தூக்கியதும் கியர் பெட்டியின் தலையில் ஒரு பெரிய சாக்கெட் தெரிந்தது. அதைப் பிடுங்குவதற்கு முன் கம்ப்யூட்டர் பக்கத்து முனையிலிருந்து மல்ட்டிமீட்டரில் அளந்து பார்த்தேன். எந்தப் பின் எந்தச் சோலனாய்டு என்பதற்கு சர்வீஸ் மேனுவலில் படம் இருக்கும். என் பெட்டியில் ஒவ்வொன்றும் மூன்று ஓம் பக்கம் காட்ட வேண்டும். (மீட்டர் ஒயருக்கே 0.2, 0.3 ஓம் உண்டு. இரண்டு முனையையும் சேர்த்துப் பிடித்து முதலில் அதைக் குறித்துக்கொள்ளுங்கள். மூன்று ஓம் அளக்கும்போது இதுவே பெரிய கணக்கு.) மற்றதெல்லாம் சரி. ஒன்று மட்டும் ஒயரை ஆட்ட ஆட்ட 5, 12, 40 என்று குதித்தது. சாக்கெட்டைப் பிடுங்கிவிட்டு, பெட்டிப் பக்கத்துப் பின்னைச் சுரண்டி நேரடியாக அளந்தால் அதுவும் மூன்று ஓம்! காயில் நன்றாக இருக்கிறது, நடுவழியில்தான் நோவு.

சாக்கெட்டுக்குள் டார்ச் அடித்துப் பார்த்தேன். கோயில் குத்துவிளக்கைப் புளி போடாமல் வைத்தால் பிடிக்குமே, அதே களிம்பு. பச்சைப் பசேலென்று. உவரி உப்புக்காத்து எட்டு மாதம் உட்கார்ந்து செய்த வேலை. 12 வோல்ட்டில் மூன்று ஓம் காயில் நாலு ஆம்பியர் இழுக்கும். நடுவே களிம்பு பத்து ஓம் சேர்த்தால் கம்ப்யூட்டர் எதிர்பார்த்த கரண்ட் எங்கே வரும்? இதற்குத்தான் 1,10,000.

கான்டாக்ட் கிளீனர் ஸ்பிரே, பழைய டூத் பிரஷ், தீக்குச்சி. உப்புத்தாள் மட்டும் போடாதீர்கள், மேல் பூச்சு போய்விட்டால் அடுத்த வருஷமே மறுபடி களிம்பேறும். ஒரு பின்னின் பெண் முனை தளர்ந்திருந்தது, அதை மட்டும் மாற்றினேன். மேலே சிலிக்கான் கிரீஸ் லேசாகத் தடவி மாட்டினேன். பேட்டரியிலிருந்து பாடிக்குப் போகிற எர்த் ஒயரையும் அப்படியே சுத்தம் செய்தேன். ஸ்கேனரில் கோளாறு எண்ணை அழித்துவிட்டு ஓட்டினால் நாலு கியரும் விழுந்தது.

வேலை அத்தோடு முடியவில்லை. ஒன்றிலிருந்து இரண்டுக்கு மாறும்போது முதுகில் குத்துகிற மாதிரி ஒரு உலுக்கல் பாக்கி இருந்தது. அண்ணாச்சிதான் கேட்டார்: "எண்ணெய மோந்து பாத்தீராவே?"

எண்ணெய் மட்டம் பார்க்கிற கம்பியை, அதாவது டிப்ஸ்டிக்கை எடுத்து வெள்ளைத் தாளில் துடையுங்கள். சிவப்பு என்றால் நல்லது. பழுப்பு என்றால் வயசாகிவிட்டது. கறுத்து, கருகிய வாடை அடித்தால் கிளட்ச் எரிந்திருக்கிறது. ரோஸ்மில்க் மாதிரி இருந்தால் ரேடியேட்டருக்குள் இருக்கிற எண்ணெய்க் குளிர்விப்பான் ஓட்டையாகித் தண்ணீர் கலந்திருக்கிறது. வண்டியை அந்த இடத்திலேயே நிறுத்துங்கள். என்னுடையது காபி டிகாக்‌ஷன் நிறம். கருகல் வாடை இல்லை.

எண்ணெய் வாங்கப் போன இடத்தில் ஒரு கூத்து. ஜங்ஷன் பக்கம் ஒரு ஸ்பேர் கடையில், "சார், பவர் ஸ்டியரிங் ஆயிலும் இதுவும் ஒண்ணுதான், ரெண்டும் செவப்புலா" என்றார். மிளகாய்ப் பொடியும் சிவப்புதான், குங்குமமும் சிவப்புதான். கையேட்டில் எண்ணெய் ரகம் எஸ்பி-3 என்று போட்டிருந்தால் எஸ்பி-3 தான் ஊற்ற வேண்டும். இந்த எண்ணெய் பல் சக்கரத்தை வழுவழுப்பாக வைக்க வேண்டும், அதே நேரம் கிளட்ச் தட்டு அளவாகக் கவ்வவும் விட வேண்டும். முரண்பட்ட இந்த இரண்டு வேலைக்காக ஒரு காலத்தில் எண்ணெய்த் திமிங்கிலத்தின் கொழுப்பைக் கலந்தார்கள் என்றால் நம்புவீர்களா? 1970-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் அதற்குத் தடை வந்த பிறகுதான் மாற்றுச் சரக்குக்கு மாறினார்கள். 2016 ஜனவரியில் மணப்பாடு பக்கம் திமிங்கிலங்கள் கூட்டமாகக் கரை ஒதுங்கியபோது போய்ப் பார்த்தவன் நான். அவை வேறு இனம் என்றாலும், இதைப் படித்தபோது அந்தக் கரைதான் கண்ணுக்குள் வந்தது.

எண்ணெய் மாற்ற, ஞாயிற்றுக்கிழமை அண்ணாச்சி ஷெட்டின் குழியைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். வண்டி மட்டமாக நிற்கும், தலைக்கு மேல் விழாது. செங்கல்லை அடுக்கி, வெறும் ஜாக்கியை நம்பி அடியில் படுக்காதீர்கள், உயிர் போய்விடும். எண்ணெய் இளஞ்சூட்டில் இருக்கட்டும்; ஓட்டி வந்த சூட்டோடு திறந்தால் கை வெந்துவிடும். என் பெட்டிக்கு மொத்தம் ஏழு லிட்டர் பக்கம் பிடிக்கும், ஆனால் இறங்கியது மூன்றரைதான். மீதி டார்க் கன்வெர்ட்டருக்குள் தங்கிவிடும். அதனால் மூன்று தடவை: இறக்கு, ஊற்று, ஒரு வாரம் ஓட்டு, மறுபடி இறக்கு. மூன்றாம் தடவைக்குப் பிறகு பழையது எட்டில் ஒரு பங்குதான் மிஞ்சும். எண்ணெய் இறக்கத் திறக்கிற டிரெயின் போல்ட்டின் வாஷர் ஒவ்வொரு தடவையும் புதுசு. இரும்புத் தூளைப் பிடிக்க வைத்திருக்கிற காந்தத்தில் கண்மை மாதிரி ஒட்டியிருந்தால் பயமில்லை, அது இயல்பான தேய்மானம். நகத்துணுக்கு மாதிரி இரும்புச் சில் இருந்தால் மூடி வைத்துவிட்டுத் தெரிந்தவரிடம் கொண்டுபோங்கள். இறக்கிய பழைய எண்ணெயை வாய்க்காலில் ஊற்றிவிடாதீர்கள். ஷெட்காரர்களிடம் அதற்கென்று பேரல் இருக்கும்.

நான் சொதப்பியது இனிமேல்தான். இறக்கியதை அளந்து அதே அளவு ஊற்றியிருந்தால் போதும். நான் வண்டி ஆறிக் கிடக்கும்போது டிப்ஸ்டிக்கைப் பார்த்து, குறைகிறதே என்று அரை லிட்டர் கூடுதலாக விட்டேன். இந்த எண்ணெய் சூட்டில் நன்றாக விரியும். தாழையூத்து வரை போய்வருவதற்குள் நுரை தள்ளி, பெட்டியின் மூச்சுக்குழாய் வழியாக வழிந்து சைலன்சரில் சொட்டி, புகை. நுரைத்த எண்ணெயில் காற்று இருப்பதால் அழுத்தம் நிற்காது, கிளட்ச் வழுக்கும். மெடிக்கலில் பெரிய சிரிஞ்சும் டிரிப் டியூபும் வாங்கி, டிப்ஸ்டிக் குழாய் வழியாக உறிஞ்சி உறிஞ்சி எடுத்தேன். ஒரு சாயங்காலம் பூராவும் அதே சோலிதான்.

சரியான முறை இது. பத்துப் பதினைந்து கிலோமீட்டர் ஓட்டி எண்ணெயை 70, 80 டிகிரிக்குக் கொண்டுவாருங்கள். மட்டமான தரையில் இன்ஜின் ஓடட்டும். பிரேக்கை மிதித்தபடி லீவரை எல்லா இடத்துக்கும் பைய நகர்த்தி, கையேடு சொல்கிற இடத்தில் நிறுத்தி, பிறகு 'ஹாட்' கோட்டைப் பாருங்கள். ஹோண்டா பெட்டிகளில் மட்டும் இன்ஜினை அணைத்துவிட்டு உடனே பார்க்க வேண்டும். டிப்ஸ்டிக்கைப் பனியன் வேஸ்ட்டால் துடைக்காதீர்கள். அதன் நூல் உள்ளே போனால் வால்வு அடைத்துக்கொள்ளும். நான் அப்பாவின் பழைய வேட்டியைக் கிழித்து வைத்திருக்கிறேன்.

எல்லாம் சேர்த்து எனக்கு ஆன செலவு ஏழாயிரம் சொச்சம். உலுக்கல் முக்கால்வாசி போய்விட்டது. காலையில் முதல் தடவை எடுக்கும்போது மட்டும் இன்னும் லேசாகத் தட்டும். அதோடு வாழப் பழகிவிட்டேன்.

உங்களுடையதில் கருகல் வாடை, இரும்புச் சில், வழுக்கல் மூன்றும் சேர்ந்து இருந்தால் புது எண்ணெய் அதை எழுப்பாது. அப்போது பெட்டியைப் பிரித்தே ஆக வேண்டும். பிரிப்பவரிடம் பழைய கிளட்ச் தட்டுகளைக் கையில் வாங்கிப் பாருங்கள். இன்னொன்று: ஒர்க்‌ஷாப்புக்கு முன்சக்கரம் தரையில் உருளக் கயிறு கட்டி இழுக்க விடாதீர்கள். எண்ணெய் பம்ப் இன்ஜின் ஓடினால்தான் ஓடும். இன்ஜின் அணைந்து சக்கரம் மட்டும் சுற்றினால் பெட்டி வறண்டு தேயும். தூக்கி ஏற்றுகிற வண்டி வரும்வரை காத்திருங்கள்.

போன கார்த்திகையில் மாமாவை முன்சீட்டில் வைத்து ஆரியங்காவுக்குப் போனோம். புளியரை வளைவில் அவர் கண்ணை மூடிக்கொண்டு, காதைக் கொடுத்து, ஒவ்வொரு மாற்றத்தையும் எண்ணிக்கொண்டு வந்தார்: "ரெண்டு விழுந்துட்டு... இன்னா, மூணு. மறுபடி ரெண்டு. சரி, போ."