சுரைக்குடுக்கையில் கைவேலை: கேள்வி-பதில்

இந்த முறை வந்த கேள்விகளைப் படித்தபோது ஒன்று தெரிந்தது. வண்ணம், வார்னிஷ் பற்றிக் கேட்பவர்களை விட, காயைக் காய வைப்பதிலேயே மனம் விட்டுப்போனவர்கள் அதிகம். அவர்களுக்கே முதலில் பதில் சொல்கிறேன்.

கேள்வி: மூன்று வாரமாகக் காய வைத்திருக்கும் சுரைக்காய் முழுக்கக் கறுப்பும் வெள்ளையுமாகப் பூஞ்சணம் பிடித்துவிட்டது. வீட்டில் தூக்கிப் போடச் சொல்கிறார்கள். போட்டுவிடவா?

பதில்: போடாதீர்கள். பறித்த காயின் எடையில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். அவ்வளவும் ஓட்டின் வழியாகவும் காம்பின் வழியாகவும் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேற வேண்டும். அதுவரை மேல்தோல் ஈரமாகவே இருக்கும், ஈரம் இருக்கும் இடத்தில் பூஞ்சணம் வரும். அது பிடிப்பது மேலே இருக்கும் மெல்லிய தோலைத்தான். முற்றிய ஓட்டுக்கு அதனால் கெடுதல் இல்லை. பின்னால் கழுவித் தேய்க்கும்போது அந்தத் தோலோடு பூஞ்சணமும் போய்விடும். ஓட்டில் பழுப்பும் காபி நிறமுமாகத் திட்டுத் திட்டாக ஒரு கறை மட்டும் தங்கும். எந்தச் சாயத்தாலும் வராத அழகு அது. நான் பல குடுக்கைகளில் அதை அப்படியே விட்டு, மேலே வார்னிஷ் மட்டும் அடித்திருக்கிறேன்.

கெட்டுப்போனதை எப்படிக் கண்டுபிடிப்பது? கட்டைவிரலால் அழுத்துங்கள். கெட்டியாக இருந்தால் பிழைத்தது. அமுங்கினால், சுருங்கிப் பள்ளம் விழுந்தால், அடியில் தண்ணீர் கசிந்தால் அது போய்விட்டது. அப்படிப் போவது பெரும்பாலும் முற்றாமல் பறித்த காய்தான். கொடி வாடி, காம்பு பழுப்பாகிக் காய்ந்த பிறகே பறிக்க வேண்டும். இரண்டு அங்குலம் காம்போடு வெட்டுங்கள். காம்பைப் பிடித்துத் தூக்க வேண்டாம். ஒடிந்தால் அந்த இடத்திலிருந்து அழுகல் தொடங்கும்.

காற்றோட்டமான நிழலில், ஒன்றை ஒன்று தொடாமல், கம்பி வலையின் மேலோ கயிற்றில் தொங்கவிட்டோ வையுங்கள். வாரம் ஒருமுறை திருப்பிவிடுங்கள். ஆட்கள் படுக்கும் அறையில் வைக்காதீர்கள். சின்னக் காய்க்கு மூன்று மாதம், பெரியதற்கு ஆறு மாதம். தடித்த ஓடாக இருந்தால் ஒரு வருடம்கூட ஆகும். சீக்கிரம் காயட்டும் என்று அடுப்புச் சூட்டிலும் உச்சி வெயிலிலும் வைத்தால் ஓடு சுருங்கும், வெடிக்கும். ஆணியால் துளை போடுவதும் வேண்டாம். தண்ணீர் வெளியே போகும் வழியில் பூச்சி உள்ளே வரும்.

கேள்வி: எட்டு மாதம் ஆகிவிட்டது. குலுக்கினால் விதைச் சத்தமே வரவில்லை. இன்னும் காயவில்லையா?

பதில்: சத்தத்தை மட்டும் நம்ப வேண்டாம். சில காய்களில் சதை காயும்போது விதைகளையும் சேர்த்து ஓட்டின் உள்பக்கத்தில் ஒட்டிவிடும். எவ்வளவு குலுக்கினாலும் சத்தம் வராது. எடையைப் பாருங்கள். தூக்கும்போது, இவ்வளவு பெரிய காய் இவ்வளவு லேசா என்று தோன்ற வேண்டும். சந்தேகமாக இருந்தால் சமையலறைத் தராசில் நிறுத்து எழுதி வையுங்கள். இரண்டு வாரம் கழித்து நிறுத்தும் எடை குறையவில்லை என்றால் காய்ந்துவிட்டது.

கேள்வி: மஞ்சளும் பச்சையுமாக வரிவரியாக இருக்கும் குட்டிக் காய்களை அலங்காரத்துக்கென்று வாங்கினேன். ஒரே வருடத்தில் நிறம் போய், சிலது நசுங்கியே போனது. என் தவறு என்ன?

பதில்: உங்கள் மேல் தவறில்லை. அது வேறு செடி. நாம் கைவேலைக்கு எடுப்பது லாஜனேரியா சைசரேரியா என்ற சுரை. நீங்கள் வாங்கியது குக்குர்பிட்டா பெப்போ, அதாவது பூசணிக் குடும்பத்தின் அலங்காரக் காய். அதன் ஓடு மெல்லியது. சில மாதம் மேசையில் வைத்து ரசிக்கலாம், செதுக்கவும் துளைக்கவும் தாங்காது. விதை போட்டு வளர்க்கிறவர்கள் பூவைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். சுரைக்கு வெள்ளைப் பூ, பொழுது சாயும்போது விரியும். மற்றதற்கு மஞ்சள் பூ, காலையில் விரியும்.

கேள்வி: காய்ந்த தோல் கல் மாதிரி ஒட்டியிருக்கிறது. கத்தியால் சுரண்டினால் ஓட்டில் கீறல் விழுகிறது.

பதில்: முதலில் ஊற வேண்டும். வெதுவெதுப்பான தண்ணீரில் போட்டால் குடுக்கை மிதக்கும், மேல் பாதி நனையாது. நனைத்த பழைய துண்டைச் சுற்றி, அரை மணி நேரம் விடுங்கள். அப்புறம் பாத்திரம் தேய்க்கும் ஸ்டீல் நாரால் வட்டமாகத் தேயுங்கள். கழுத்து மடிப்பில் மட்டும் மொட்டைக் கத்தி. வெளிப்பக்கத்தில் உப்புத்தாள் போடவே போடாதீர்கள். அந்தக் கீறல்கள் சாயம் பூசியதும் பளிச்சென்று தெரியும். தேய்த்து முடித்ததும் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பாருங்கள். மெழுகு பூசியது போல மினுங்கும் திட்டு ஏதாவது இருந்தால் தோல் இன்னும் மிச்சம் இருக்கிறது, அங்கே வண்ணம் பிடிக்காது. பிறகு ஒரு நாள் முழுக்க உலரட்டும்.

கேள்வி: வாய் வெட்டி உள்ளே சுரண்டிய அன்று இரவே இருமல், உடம்பு வலி, லேசான காய்ச்சல். இதற்கும் குடுக்கைக்கும் தொடர்பு உண்டா?

பதில்: உண்டு. தயவுசெய்து இதை எல்லோரும் படியுங்கள். உள்ளே காய்ந்திருக்கும் சதை வெறும் குப்பை இல்லை. அதில் பல மாதப் பூஞ்சணத்தின் வித்துகள் இருக்கின்றன. வெட்டும்போதும் சுரண்டும்போதும் அவை தூசாகப் பறந்து நுரையீரலுக்குப் போகின்றன. ஆரம்ப காலத்தில் நானும் ஜன்னலைச் சாத்திக்கொண்டு, முகத்தில் ஒன்றும் கட்டாமல் நான்கு குடுக்கைகளைச் சுரண்டினேன். இரண்டு நாள் படுத்தே கிடந்தேன். அதற்குப் பிறகு எவ்வளவு சின்ன வேலையாக இருந்தாலும் முகக்கவசம் இல்லாமல் தொட்டதில்லை.

துணி முகக்கவசம் போதாது, என்95 வேண்டும். கண்ணுக்குக் கண்ணாடி. வேலை வெட்டவெளியில் நடக்கட்டும். வெட்ட வேண்டிய கோட்டைப் பென்சிலால் போட்டு, கூர்கத்தியின் நுனியால் ஒரு சின்னப் பிளவு செய்து, அதில் ஹாக்சா பிளேடை நுழைத்து மெதுவாக அறுங்கள். அழுத்தினால் ஓடு பிளக்கும். மூடி வேண்டுமென்றால் பிளேடைச் சற்றுச் சாய்த்துப் பிடித்து அறுங்கள், அப்போதுதான் மூடி உள்ளே விழாமல் உட்காரும். ஒரு சின்ன மேடோ பள்ளமோ கோட்டில் வைத்துவிட்டால், பிறகு எந்தப் பக்கம் எதனோடு பொருந்தும் என்று தேட வேண்டியதில்லை.

திறந்ததும் உலர்ந்த சதையைச் சுரண்டாதீர்கள். உள்ளே தண்ணீர் ஊற்றி ஒரு மணி நேரம் விடுங்கள். சதை பஞ்சு போல ஊறியபின் விளிம்பு கூரான இரும்புக் கரண்டியால் வழித்தெடுத்தால் தூசே பறக்காது. நன்றாக உலர்ந்த பிறகு உள்பக்கத்துக்கு 80 எண் உப்புத்தாள், அப்புறம் 120, கடைசியில் 220. இருமலும் காய்ச்சலும் நிற்கவில்லை என்றாலோ, உங்களுக்கு ஆஸ்துமா இருந்தாலோ டாக்டரிடம் போங்கள், என்ன தூசு என்பதையும் சொல்லுங்கள்.

கேள்வி: பைரோகிராஃபி பேனாவால் சூடு வைத்துக் கோலம் போடுகிறேன். வண்ணத்தை முதலில் பூசவா, பிறகா? எந்த வண்ணம் நல்லது?

பதில்: சூட்டு வேலை முதலில், வண்ணம் அடுத்து, வார்னிஷ் கடைசியில். இந்த வரிசையை மாற்றக் கூடாது. பூச்சின் மேல் சூட்டு முனையை வைத்தால் வரும் புகை உடம்புக்கு ஆகாது. வெறும் ஓட்டில் செய்யும்போதும் புகை முகத்துக்கு வராதபடி ஒரு சின்ன விசிறி வைத்துக்கொள்ளுங்கள். வெட்டி எடுத்த வாய்த் துண்டுகளை எறியாதீர்கள். பேனாவின் சூட்டைச் சோதிக்க அதைவிட நல்ல பலகை கிடையாது. முனையில் கரி படிந்தால் கோடு திக்கித் திக்கி வரும், அவ்வப்போது துடையுங்கள்.

வண்ணத்தில் எனக்குப் பிடித்தது, செருப்பும் பையும் செய்கிற தோலுக்குப் போடும் சாயம். அது ஓட்டுக்குள் இறங்கும், அடியில் இருக்கும் பூஞ்சணக் கறையும் தெரியும். அக்ரிலிக் மேலேயே நிற்கும், எல்லாவற்றையும் மூடும். பளிச்சென்ற பூ, பறவை உருவங்களுக்கு அது சரி. தோல் சாயம் வெயிலில் வெளுக்கும் என்பதால் ஜன்னலோரம் வைக்காதீர்கள். சாயத்தின் மேல் தூரிகையால் வார்னிஷ் இழுத்தால் நிறம் கலங்கிப் பரவும். ஸ்ப்ரேயில் மெல்லிய பூச்சாக மூன்று முறை அடியுங்கள்.

வண்ணமே இல்லாமலும் செய்யலாம். பெருவில் ஹுவாகா ப்ரியேட்டா என்ற இடத்தில் கிடைத்த, உருவம் செதுக்கிய சின்னக் குடுக்கைகள் ஏறக்குறைய 4,000 வருடம் பழையவை. ஓடும் கோடும் மட்டுமே அவற்றின் அழகு. புதிதாகத் தொடங்குகிறவர்கள் முதல் இரண்டு குடுக்கைகளை அப்படிச் செய்து பார்க்க வேண்டும் என்பது என் ஆசை.

கேள்வி: துளை போட்டு விளக்கு செய்ய ஆசை. துளைகளுக்கு நடுவே ஓடு உடைந்துவிடுகிறது.

பதில்: இடைவெளி போதவில்லை. துளையின் அகலம் எவ்வளவோ, குறைந்தது அந்த அளவாவது அடுத்த துளைக்கு இடம் விடுங்கள். 2, 3, 4 மில்லிமீட்டர் ட்ரில் பிட்டுகள் போதும். பெரிதும் சிறிதும் கலந்தால்தான் சுவரில் விழும் ஒளிக்கு உயிர் வரும். புள்ளியில் குத்தூசியால் ஒரு குழி செய்துவிட்டுத் துளைத்தால் பிட் வழுக்காது. உள்ளே எல்இடி மட்டும்தான், மெழுகுவத்தியோ சூடாகும் குண்டு பல்போ கூடவே கூடாது. காய்ந்த ஓடு தீப்பிடிக்கும்.

கேள்வி: வேலை முடிந்த குடுக்கையில் மயிரிழை விரிசல்.

பதில்: விரிசல் முடியும் இடத்தில் 1 மில்லிமீட்டர் துளை போட்டால் அதற்கு மேல் ஓடாது. மரவேலைக்கான வெள்ளைப் பசையில் ஓட்டைத் தேய்த்த தூளைக் குழைத்து அடையுங்கள். அல்லது இருபுறமும் துளையிட்டு நூலால் தைத்து, அந்தத் தையலையே அலங்காரமாக்குங்கள். நான் இரண்டாவதைத்தான் செய்வேன்.

கேள்வி: இதில் தண்ணீர் ஊற்றிக் குடிக்கலாமா?

பதில்: சாயமும் வார்னிஷும் படாத குடுக்கையாக இருந்தால் மட்டும். உள்ளே சுத்தமாக வழித்து, வெந்நீர் ஊற்றி ஒரு நாள் வைத்துக் கொட்டுங்கள். இப்படிப் பல முறை செய்து, கடைசித் தண்ணீரை நுனிநாக்கில் மட்டும் வைத்துப் பாருங்கள். கசந்தால் உடனே துப்பிவிட்டு, மறுபடி ஊற வையுங்கள். அந்தக் கசப்பு குக்குர்பிடேசின் என்ற பொருள், வாந்தி பேதியில் கொண்டுபோய் விடும். பேய்ச்சுரையாக இருந்தால் கசப்பு லேசில் போகாது, அதைப் பூச்சாடியாக வைத்துக்கொள்ளுங்கள். தேன்மெழுகை உருக்கி உள்ளே பூசினால் கசியாது. ஆனால் அது 62 டிகிரி செல்சியஸ் வாக்கிலேயே உருகத் தொடங்கும் என்பதால் சூடான எதையும் ஊற்றக் கூடாது.

கேள்வி: ஊசிமுனைத் துளைகள், கீழே மாவு போலத் தூள். என்ன அது?

பதில்: மரத்தைத் துளைக்கும் வண்டு. பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி, மைனஸ் 18 டிகிரி ஃப்ரீசரில் ஒரு வாரம் வையுங்கள். வெளியே எடுத்ததும் பையைப் பிரிக்காமல் ஒரு நாள் விடுங்கள், இல்லையென்றால் ஓட்டில் நீர் கோத்துக்கொள்ளும். பக்கத்தில் இருந்த மற்ற குடுக்கைகளையும் இதேபோல் வைத்து எடுங்கள்.

கேள்வி: நிற்காமல் சாய்கிறது.

பதில்: மேசையில் உப்புத்தாளை ஒட்டி, குடுக்கையின் அடியை அதன் மேல் வைத்து வட்டமாகத் தேயுங்கள். நாலைந்து சுற்றுக்கு ஒருமுறை நிறுத்திப் பாருங்கள். ஓடு மெல்லியதாக இருந்தால் தேய்க்காமல், தடித்த கயிற்றை வளையமாகச் சுற்றி ஒட்டி அதன் மேல் உட்கார வையுங்கள்.