ஊசி போட்டதும் வடிந்த மடி மறுபடி வீங்குவது ஏன்?

கேள்வி (குறிஞ்சிப்பாடி பக்கத்திலிருந்து ஒரு வாசகர்): எங்கள் ஜெர்சி கலப்புப் பசு கன்று போட்டு 12 நாள் ஆகிறது. வேளைக்கு 6 லிட்டர் கறந்தது. ஐந்தாம் நாள் மடியின் வலது பின்பக்கம் கல் மாதிரி இறுகி, பால் திரிதிரியாக வந்தது. கடையில் கேட்டு வீக்கத்துக்கு ஊசி வாங்கிப் போட்டோம். மறுநாளே வடிந்துவிட்டது. நாலு நாள் கழித்து முன்னைவிட அதிகமாக வீங்கி, பால் மஞ்சள் தண்ணீராக வருகிறது. அடுத்த மாதம் இன்னொரு பசு ஈனப்போகிறது. அதற்கும் இந்த மடிநோய் வராமல் தடுக்க என்ன செய்யலாம்?

பதில்: முதலில் காய்ச்சல் பாருங்கள். விடிகாலையில் ஆசனவாயில் தெர்மாமீட்டர் வைத்தால் 101 முதல் 102.5 டிகிரி பாரன்ஹீட்வரை இயல்பு. உச்சி வெயிலில் பார்க்க வேண்டாம். கடலோரப் புழுக்கத்தில் கலப்பின மாட்டுக்கு நோயில்லாமலே 103 காட்டும். காலையிலேயே 103-க்கு மேல் இருந்து, தீவனம் எடுக்காமல், காது சில்லிட்டு, கழிச்சலும் இருந்தால் அன்றைக்கே கால்நடை மருத்துவர் வர வேண்டும், கால்நடை ஆம்புலன்ஸ் எண் 1962-க்கு அழைக்கலாம். மஞ்சள் தண்ணீர்ப் பால் பெரும்பாலும் ஈ.கோலை போன்ற சாணத்துக் கிருமியின் அடையாளம். இந்தக் கிருமி செத்தாலும் அதன் மேலுறையில் உள்ள நச்சு உடம்பில் வேலை செய்துகொண்டே இருக்கும். ஆன்டிபயாடிக் மட்டும் போதாமல் குளுக்கோஸும் உப்புநீரும் ஏற்ற வேண்டி வருவது அதனால்தான்.

இனி அந்த ஊசி. மடி வீங்குவது கிருமியின் வேலையல்ல, மாட்டின் வேலை. காம்புத் துளை வழியாகக் கிருமி ஏறியதும் மடித் திசு அபாயச் சேதியை ரத்தத்துக்கு அனுப்புகிறது. ரத்தக் குழாய்கள் விரிந்து கசியத் தொடங்க, வெள்ளணுக்கள் குழாய்ச் சுவரில் ஒட்டி, அதைத் துளைத்துக்கொண்டு பாலுக்குள் இறங்கிக் கிருமியை விழுங்குகின்றன. நீங்கள் பார்க்கும் சூடு, சிவப்பு, வலி, இறுக்கம் எல்லாம் இதன் விளைவு. பாலில் வரும் திரியில் பெரும்பகுதி இந்த வெள்ளணுக்களும் உறைந்த புரதமும்தான். கசியும் குழாய் வழியே ரத்தத்து உப்பும் பாலில் இறங்குவதால் பால் கரிக்கும், லாக்டோஸ் குறையும். பால் சொசைட்டியில் எஸ்.என்.எஃப். (கொழுப்பு நீங்கலான திடச்சத்து) இறங்கி விலை அடிபடுவதும் இதனால்தான்.

ஒரே நாளில் வீக்கம் வற்றியது என்றால், போட்டது ஸ்டீராய்டாக இருக்க வாய்ப்பு அதிகம். காலிக் குப்பியில் டெக்ஸாமெத்தசோன், பெட்டாமெத்தசோன், பிரெட்னிசோலோன் என்று ஏதாவது எழுதியிருக்கிறதா பாருங்கள். இந்த மருந்துகள் வெள்ளணு குழாய்ச் சுவரில் ஒட்டுவதைத் தடுத்துவிடும். ரத்தப் பரிசோதனையில் வெள்ளணு ஏறினாற்போல் தெரியும். ஆனால் மடிக்குள் போய்ச் சேராது. வீக்கம் வடியும், கிருமி தடையின்றிப் பெருகும். நச்சு ஏறி மாடு சாயும் கட்டத்தில் மருத்துவர் தெரிந்தே ஸ்டீராய்டு ஒரு தடவை போடுவது உண்டு. அது வேறு, கடை ஊசி வேறு. ஈனப்போகும் பசுவுக்கு இதைப் போடவே கூடாது. கடைசி மாதங்களில் டெக்ஸாமெத்தசோன் கருவைக் கலைத்துவிடும்.

வலியைக் குறைக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. வலியோடு நிற்கும் மாடு தின்னாது, தின்னாவிட்டால் எதிர்ப்பும் படுத்துவிடும். அதற்கு ஸ்டீராய்டு அல்லாத மெலாக்சிகாம் இருக்கிறது. கிலோ எடைக்கு 0.5 மில்லிகிராம், மருத்துவர் கையால். டைக்லோஃபினாக் யாராவது தந்தால் வாங்காதீர்கள். பிணந்தின்னிக் கழுகுகளைக் கொல்வதால் மாடுகளுக்கு அது 2006-லேயே தடை. 2023-இல் கீட்டோப்ரோஃபெனும் அசிக்ளோஃபினாக்கும் அந்தப் பட்டியலில் சேர்ந்தன.

மடிக்குள் ஏற்றும் டியூப் மருந்து எழுதிக் கொடுத்தால், பலரும் தவறுவது ஏற்றும் விதத்தில். கெட்ட பகுதியை முழுக்கக் கறந்துவிடுங்கள். தரையில் பீய்ச்சாமல் பாத்திரத்தில் பிடித்துத் தள்ளிக் கொட்டுங்கள். காம்பு நுனியை ஸ்பிரிட் பஞ்சால், பஞ்சு அழுக்கின்றி வரும்வரை துடையுங்கள். டியூப் முனையை அடிவரை நுழைக்காமல் 3, 4 மில்லிமீட்டர் மட்டும் செலுத்துங்கள். காம்புத் துளையின் உட்சுவரில் கெரட்டின் என்ற மெழுகுப் பூச்சு இருக்கிறது. அதுவே முதல் காவல், முழு முனையும் நுழைந்தால் அது பிய்ந்து போகும். இரண்டாம் நாள் திரி நின்றதும் மருந்தை நிறுத்துவது இன்னொரு தவறு. ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் வெள்ளணுவுக்குள்ளேயே ஒளிந்து பிழைக்கும் கிருமி. பாதியில் விட்டால் மடியில் கட்டியாகி, மாதாமாதம் தலைகாட்டும். மருந்து போடும் நாட்களிலும், லேபிளில் சொன்ன கழிவு நாள் (மருந்து கலந்த பாலை விலக்க வேண்டிய நாட்கள்) முடியும்வரையிலும் நான்கு காம்புப் பாலும் சொசைட்டிக்குப் போகக் கூடாது.

சோற்றுக் கற்றாழை 250 கிராம், மஞ்சள் தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் அரைத்துத் தடவும் மூலிகை முறை நம் பக்கம் பரவலாக இருக்கிறது. ஒரு கைப்பிடி விழுதை 150–200 மில்லி தண்ணீரில் கரைத்து, மடியைக் கழுவி, கறந்தபின் ஒரு நாளைக்குப் பத்து தடவையாவது பூச வேண்டும். ஐந்து நாளாவது தொடர வேண்டும். காலையும் மாலையும் ஒரு தடவை பூசிவிட்டுப் பலனில்லை என்பதில் அர்த்தமில்லை. தண்ணீர்ப் பால் வரும் உங்கள் மாட்டுக்கு இதை மட்டும் நம்பி நாளைக் கடத்தாதீர்கள்.

பால் ஏன் இவ்வளவு விழுகிறது? நோய் எதிர்ப்பு முழு மூச்சாக இயங்கும் கறவை மாடு 12 மணி நேரத்தில் 1 கிலோவுக்கும் மேல் குளுக்கோஸைச் செலவழிக்கிறது. ஒரு லிட்டர் பாலுக்குச் சுமார் 72 கிராம் குளுக்கோஸ் வேண்டும். அதாவது ஏறக்குறைய 14 லிட்டர் பாலுக்கான சரக்கு அரை நாளில் வேறு வேலைக்குப் போய்விடுகிறது. கன்று போட்ட முதல் மூன்று வாரம், தின்பதைவிடக் கறப்பது அதிகமான காலம். கையிருப்பு குறைவு, வெள்ளணுக்களும் மந்தம். கால்சியமும் விழுந்தால் அவை சேதி கடத்துவதும் குறையும். காம்பு மூடும் தசையும் தளரும். நோய் பெரும்பாலும் இந்த நாட்களில் வருவது தற்செயல் அல்ல.

அடுத்த பசுவுக்கு வேலையை இன்றே தொடங்கலாம். இன்னும் கறந்துகொண்டிருந்தால் உடனே மருத்துவரைக் கேட்டு வற்றவைக்க வேண்டும். ஈனுவதற்கு 60 நாள் முன்பே வற்றியிருக்க வேண்டியது. வற்றவைக்கும் கடைசிக் கறவையன்று நான்கு காம்பிலும் கறவை வற்றிய காலத்துக்கான மருந்து டியூப் ஏற்றுவது ஒளிந்திருக்கும் கிருமிக்கானது. வைக்கோல் மட்டும் தின்னும் மாட்டுக்கு வைட்டமின் ஈ மிகக் குறைவாகவே கிடைக்கும். வெள்ளணு கிருமியை எரிக்கும்போது தானும் வெந்துபோகாமல் காப்பது வைட்டமின் ஈயும் செலினியமும். பச்சைப்புல் நிறையப் போடுங்கள். கிடைக்காவிட்டால் நாளொன்றுக்கு 1000 யூனிட் வைட்டமின் ஈ கொடுக்கலாம். கால்சியம் டானிக்கைக் கடைசி மூன்று வாரம் நிறுத்திவிடுங்கள். வெளியிலிருந்து தாராளமாக வந்தால் எலும்பிலிருந்து எடுக்கும் பழக்கம் உடம்புக்கு விட்டுப்போய், ஈன்ற அன்று சட்டென்று விழும். ஈன்றபின் கொடுங்கள்.

பண்ருட்டி, நெய்வேலிப் பக்கத்தில் பலா சீசனில் சடையும் சக்கையும் கூடை கூடையாகக் கொட்டுவார்கள். கல்யாண வீட்டுச் சோறும் அப்படித்தான். இது வயிற்றைப் புளிக்கவைத்து, அங்கே சாகும் கிருமிகளின் நச்சு ரத்தத்தில் கலக்க வழி செய்கிறது. மடியில் ஒன்றும் இல்லாமலே பால் விழும், குளம்பு வலிக்கும், எதிர்ப்பும் வீணாகும். ஈனும் முன்பும் பின்பும் ஒரு மாதம் இவற்றை அறவே தவிருங்கள்.

தலைச்சன் கிடாரிக்கு ஈனும் முன் மடியும் அடிவயிறும் நீர்கோத்து வீங்கும். கட்டைவிரலால் அழுத்தினால் பள்ளம் விழுந்து மெல்ல நிரம்பும். சூடோ வலியோ இராது. அது நோயல்ல, மருந்தும் வேண்டாம்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் தரை ஈரம்தான் பெரிய எதிரி. மரத்தூளும் தென்னை நார்க்கழிவும் ஈரத்தைப் பிடித்துக் கிருமியை வளர்க்கும். மணல் படுக்கை நல்லது. கறந்ததும் 5 சதவீத பொவிடோன் அயோடின் மூன்று பங்கு, கிளிசரின் ஒரு பங்கு கலந்து காம்பை முக்குங்கள். காம்புத் துளை மூட அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் ஆகும். அதுவரை படுக்காமலிருக்கத் தீவனத்தைக் கறந்தபின் வையுங்கள்.

கன்று போட்ட ஐந்தாம் நாளிலிருந்து வாரம் ஒரு முறை நான்கு காம்பையும் தனித்தனியே சோதிக்கலாம். 100 மில்லி தண்ணீரில் 3 கிராம் துணி துவைக்கும் பவுடர் கரைத்து, சம அளவு பால் சேர்த்து ஒரு நிமிடம் சுழற்றுங்கள். கொழகொழவென்று சளிபோல் திரண்டால் அந்தப் பகுதியில் வெள்ளணு பெருகியிருக்கிறது; வீக்கம் தெரியும் முன்பே பிடித்துவிடலாம். சீம்பாலில் இந்தச் சோதனை பொய் சொல்லும், எனவே முதல் நாலு நாள் வேண்டாம்.